சேகரத் தலைவர்களுக்கு நேரிலும் ஆன்லைனிலும் ஊழியப் பயிற்சி: எதில் தொடங்குவது?

சேகரச்_செயலர்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம், அதாவது ஒரே குருவானவரின் கீழுள்ள சபைகளின் தொகுப்பு. டவுனில் தலைமைச் சபை, கிராமங்களில் நாலு கிளைச் சபைகள், மொத்தம் 260 குடும்பம். ஞாயிறு ஆராதனை யூடியூப்பில் நேரலையாகப் போகிறது. வாட்ஸ்அப் குழு மட்டும் 11 இருக்கிறது. எது யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் இல்லை. வேலைக்காகச் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று போன பிள்ளைகளுக்கு ஃபோன்தான் சபை.

12 பேரைப் பொறுக்கிப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார் சேகர குருவானவர். சபை ஊழியர்கள் 4, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் 3, வாலிபர் 3, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் 2. கேமரா, ஓபிஎஸ் (நேரலை அனுப்பும் மென்பொருள்) என்று தொடங்குவதா, ஆள் விசாரிப்பில் தொடங்குவதா? எத்தனை வாரம் வேண்டும்? கிளைச் சபைகளில் பட்டன் ஃபோன் வைத்திருக்கும் பெரியவர்களை என்ன செய்வது?

வீட்டுச்சந்திப்பு:

ஆள் விசாரிப்புதான் முதலில். கேமரா 3 பேர் வேலை, அவர்களைத் தனியாக இரண்டு சனிக்கிழமை உட்கார வைத்தால் போதும். மீதி 9 பேர் கையில் இருக்க வேண்டியது குடும்பப் பதிவேடு.

யூடியூப்பில் 180 பார்வை என்று வந்தால் கமிட்டியில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஒரே டிவி முன்னால் அஞ்சு பேர் உட்கார்ந்து பார்த்தாலும் அதில் ஒன்றுதான் ஏறும். பாட்டு முடிந்ததும் மூடிவிட்டுப் போனவரும் ஒன்றாக ஏறுவார். கோயிலில் ஒரு குடும்பம் இரண்டு வாரம் வரவில்லை என்றால் சபை ஊழியர் கண்ணில் படும். நேரலையில் படாது. படாததைப் பட வைக்கத்தான் பதிவேடு.

கூகுள் ஷீட்டோ, நீளமான கணக்கு நோட்டோ, எதிலும் எழுதலாம். குடும்ப எண், தொடர்பு வழி (நேரில், வாட்ஸ்அப், பட்டன் ஃபோன்), கடைசியாக நேரில் பார்த்த தேதி, கடைசியாகப் பேசிய தேதி, பொறுப்பாளர் பெயர். இவ்வளவுதான். வியாதி, கடன், குடும்பச் சண்டை எதையும் அதில் எழுதக் கூடாது. ஷீட் ஒருநாள் யார் கைக்காவது போகும். 9 பேரும் ஆளுக்கு இரண்டு உதவியாளரைச் சேர்த்துக்கொண்டால் 27 பேர், தலைக்குப் பத்துக் குடும்பத்துக்குள் அடங்கும். இரண்டு வாரம் சத்தமே இல்லையென்றால் ஃபோன். நாலு வாரமானால் இரண்டு பேராக வீட்டுக்கு. வெளியூர்க்காரர் என்றால் வீடியோ கால்.

மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த காலத்திலிருந்தே நம்ம பக்கத்துக் கிராமச் சபைகளைத் தாங்கியவர்கள் உபதேசியார்கள், அதாவது கிராமத்திலேயே இருந்த சபை ஊழியர்கள்தான். அவர்கள் வேலையில் ஃபோனும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. அதனால் வாலிபர் 3 பேரையும் அப்படியே டெக்னிக்கலுக்கு ஒதுக்கிவிடாதீர்கள். பெண்கள் சங்கத்திலிருந்து ஒருவர் மிக்சர் பழகட்டும், வாலிபரில் இருவர் வீடு வீடாகப் போகட்டும்.

ஆறு வாரம் போதும். சனிக்கிழமை மாலை 5 முதல் 7 வரை நேரில்; புதன் இரவு 8:30க்கு ஜூமில் 40 நிமிடம். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தோடு அதுவே அறுத்துவிடும். பேச்சைச் சுருக்க அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. நேரில் மட்டும் படித்தவர் ஜூமில் முதல் கூட்டம் நடத்தும்போது மியூட்டை எடுக்கத் தெரியாமல் ஜெபித்துக்கொண்டிருப்பார்.

முதல் வாரம் பதிவேடு. இரண்டாவது வாரம்தான் அதிக நேரம் வேண்டியது: ஒரே சூழலை வீட்டிலும் ஃபோனிலும் எழுத்திலும் நடித்துப் பழக வைக்க வேண்டும். உதாரணத்துக்கு, வேலை போன ஒரு பையன் ராத்திரி 11 மணிக்கு ‘ப்ரே பண்ணுங்க’ என்று மட்டும் அனுப்புகிறான். நம் ஆட்கள் பெரும்பாலும் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு, ஒரு வசனப் படத்தையும் ஃபார்வர்டு செய்வார்கள். பையனுக்கு உரையாடல் முடிந்துவிட்டது என்று அர்த்தமாகிவிடும். இரண்டு வரி பதில், கூடவே ஒரு கேள்வி: ‘இப்போ பேசலாமா தம்பி, காலையில கூப்பிடட்டுமா?’ இதைப் பத்துத் தடவை நடிக்க வைத்தால்தான் கைக்கு வரும். சாவைப் பற்றிப் பேசுகிறான் என்றால் காலைவரை காத்திருக்கக் கூடாது. உடனே அழைத்துப் பேச்சைத் தொடர வேண்டும். அவன் பக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு இன்னொருவர் மூலம் தகவல் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எல்லோர் ஃபோனிலும் இருக்கட்டும்.

மூன்றாவது வாரம் சிறு குழு நடத்துவது. ஜூமில் எல்லோரும் சேர்ந்து கீர்த்தனை பாட முடியாது. ஒவ்வொருவர் சத்தமும் வெவ்வேறு தாமதத்தில் வந்து சேரும், இரண்டாவது அடியிலேயே குலைந்துவிடும். ஒருவர் பாட, மற்றவர்கள் மியூட்டில் கூடப் பாடட்டும். வேதாகமச் சங்கீதத்தை மாறி மாறி வாசிக்கும்போதும் பதில் சொல்ல ஒரே ஒருவரை நியமியுங்கள். வீட்டு ஜெபத்தில் வெளியூர்ப் பிள்ளைகளை ஃபோனில் சேர்த்தால், அந்த அறையில் ஒரு ஃபோனில் மட்டும் ஒலி இருக்க வேண்டும். இரண்டாவது ஃபோன் திறந்தால் ஊளையிடும். விண்ணப்பம் கேட்கும்போது ஃபோனில் இருப்பவரிடம் முதலில் கேளுங்கள். கடைசியில் கேட்டால் அவர்கள் ஏற்கெனவே வேடிக்கை பார்ப்பவர்களாகியிருப்பார்கள்.

நாலாவது வாரம் பிள்ளைகள் பாதுகாப்பு, அஞ்சாவது காணிக்கையும் போலிக் கணக்கும். ஆறாவது வாரம் ஒவ்வொருவரும் ஒரு வீட்டில், ஃபோனில் இருவர் சேர்ந்திருக்க, 20 நிமிட ஜெபம் நடத்திக்காட்ட வேண்டும். அதுதான் பரீட்சை.

மிக்சர்மேஜை:

மேலே சொன்னது சரி. ஆனாலும் ‘இரண்டு சனிக்கிழமை போதும்’ என்றால் அந்த இரண்டும் ஒலிக்கே போகும். படம் மங்கினால் ஜனங்கள் பொறுப்பார்கள், பிரசங்கம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

அடிக்கடி நடக்கும் தப்பு: கோயிலுக்குள் ஒலிக்கும் மெயின் மிக்ஸை அப்படியே நேரலைக்கு அனுப்புவது. உள்ளே டிரம்ஸும் சபையார் பாட்டும் தாமாகவே கேட்பதால் மிக்சரில் அவற்றைக் கூட்டியிருக்க மாட்டீர்கள். நேரலையில் பாடகர் குரல் மட்டும் தனியாக நிற்கும், சபையே இல்லாத மாதிரி. மிக்சரின் ஒரு ஆக்ஸ் அவுட்டை (மெயினிலிருந்து தனியாக ஒலி எடுக்கும் வழி) ப்ரீ-ஃபேடரில், அதாவது மெயின் ஒலியை ஏற்றி இறக்கினாலும் மாறாதபடி வைத்துத் தனி மிக்ஸ் போடுங்கள். சபையாரை நோக்கி ஒரு மைக்கைத் திருப்பி, அதை ஆக்ஸில் மட்டும் சேருங்கள், ஸ்பீக்கருக்கு விடாதீர்கள். ஆக்ஸிலிருந்து நேராக ஃபோனின் மைக் துளைக்கு வயர் போட்டால் ஒலி உடையும். மிக்சரிலிருந்து வரும் சிக்னலின் அளவு அதற்கு மிக அதிகம். நடுவில் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். ஓபிஎஸ் மீட்டரில் உச்சம் −12 டெசிபலுக்கும் −6 டெசிபலுக்கும் நடுவில் நின்றால் நல்லது.

அடுத்தது டேட்டா. 720பி-ஐ 4 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்பினால் மணிக்கு 1.8 ஜிபி. ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் சிம்மை வைத்து ஓட்டினால் ஒரு மணி நேரம் தாண்டியதும், சரியாகப் பிரசங்க நேரத்தில், வேகம் படுத்துவிடும். ‘நெட்வொர்க் சரியில்லை’ என்று சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், காரணம் இது. ஃபைபர் லைன் எடுங்கள். அப்லோடு வேகம் அனுப்பும் வேகத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும்.

சேனல் யார் ஜிமெயிலில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். ஒரு வாலிபரின் சொந்தக் கணக்கில் இருந்தால் அவருக்கு வெளியூரில் வேலை கிடைத்த அன்றோடு சேனலும் போகும். சேகரத்தின் பெயரில் கணக்கு, உரிமையாளர் இருவர், மற்றவர்களுக்கு மேனேஜர் அனுமதி. பாஸ்வேர்டைப் பகிரவே வேண்டாம். வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகளுக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்தது. ஆனால் கேசட் கம்பெனி வெளியிட்ட பதிவையோ கரோக்கி டிராக்கையோ ஓட்டினால் யூடியூப் அதை அடையாளம் கண்டு நேரலையையே நிறுத்தலாம். கீபோர்டு வாசிக்க ஆள் இருக்கும்போது டிராக் எதற்கு?

ஓய்வுநாள்பள்ளி_அக்கா:

நாலாவது வாரத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள் அண்ணா. அதற்கு ஒரு சனிக்கிழமை முழுசாக வேண்டும்.

18 வயதுக்குக் குறைந்த யாரோடும் ஒரு பெரியவர் தனியாகச் சாட் செய்யக் கூடாது. குழு என்றால் ஆசிரியர் இருவர், அதில் ஒருவர் பெண், பெற்றோரும் அதே குழுவில். இரவு 8க்குப் பிறகு பிள்ளைகள் குழு அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள். விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) படங்களில் பள்ளிச் சீருடை, அடையாள அட்டை, பெயர் தெரியக் கூடாது. சேர்க்கைப் படிவத்திலேயே படம் எடுக்க, வெளியிட என்று இரண்டு தனிக் கட்டம் வைத்துப் பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள். ‘எடுக்கலாம், வெளியிட வேண்டாம்’ என்று எழுதுகிறவர்கள் கணிசமாக இருப்பார்கள். இன்னொன்று, யூடியூப்பில் ‘குழந்தைகளுக்கானது’ என்று குறித்தால் கமெண்டும் நேரலை சாட்டும் மூடிக்கொள்ளும். பழுது என்று நினைத்து அந்தக் குறியை எடுத்துவிடாதீர்கள்.

பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் கமிட்டி கூட்டிப் பேசி முடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. 2012ஆம் ஆண்டு போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளரே மறைத்தால் ஒரு வருடம் வரை. அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. பன்னிரண்டு பேரும் இதைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பொறுப்பு.

ஜெப விண்ணப்பத்துக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். இன்ன தெரு இன்னாருக்குக் கேன்சர் என்று நேரலையில் வாசிக்கிறார்கள், வீட்டுக்காரருக்கே அப்போதுதான் தெரிகிறது. விண்ணப்பம் வாங்கும்போதே கேளுங்கள்: குருவானவர் ஐயருக்கு மட்டுமா, ஜெபக்குழுவுக்கா, சபைக்கா? பதில் வராவிட்டால் ஐயருக்கு மட்டும்.

சேகரச்_செயலர்:

மிக்க நன்றி. இரண்டு விஷயம் விட்டுப்போனது. வளைகுடாப் பிள்ளைகள் ஞாயிறு நேரலைக்கு வருவதே இல்லை. அப்புறம், திரையில் காணிக்கைக்கு க்யூஆர் கோடு போடலாமா?

வீட்டுச்சந்திப்பு:

உங்கள் ஆராதனை காலை 8:30 என்றால் துபாயில் 7 மணி, குவைத், கத்தார், சவுதியில் 6 மணி. குவைத்திலும் சவுதியிலும் கத்தாரிலும் ஞாயிறு வேலை நாள். வெள்ளி, சனிதான் விடுமுறை. பிள்ளைகள் வராததற்கு பக்திக் குறைவு காரணமில்லை. வெள்ளிக்கிழமை நம் நேரம் இரவு 9க்கு ஒரு சிறு குழு வையுங்கள், குவைத்தில் அப்போது 6:30. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு பொதுவாக இணையாது, எந்தச் செயலி வேலை செய்கிறது என்று அவர்களிடமே கேட்டு முடிவெடுங்கள். சவுதியில் இருப்பவர்கள் பெயரையோ முகத்தையோ திரையில் காட்டாதீர்கள், அந்தக் கூட்டத்தைப் பதிவும் செய்யாதீர்கள். அங்கே பொது வழிபாட்டுக்குத் தேவாலயம் கிடையாது.

சென்னை, பெங்களூரு பிள்ளைகளுக்கு உங்கள் நேரலையை நிரந்தரமாக்க வேண்டாம். பக்கத்துத் தமிழ்ச் சபை எது என்று பார்த்து, அங்கே உள்ள போதகருக்கு ஒரு ஃபோன் போட்டுக் கைமாற்றிவிடுங்கள். பதிவேட்டில் அதையும் எழுதுங்கள். இதில் சில கமிட்டிகளுக்குச் சங்கடம் உண்டு, சந்தா போய்விடுமே என்று. பையன் நோயில் விழுந்தால் யார் கஞ்சி கொண்டுபோவார்கள் என்பதை நினைத்து முடிவெடுக்கட்டும்.

பட்டன் ஃபோன்காரர்களுக்கு கான்ஃபரன்ஸ் கால். ஒரு அழைப்பில் நாலைந்து பேரைச் சேர்க்கலாம். வாரத்தில் ஒரு குறித்த நேரம், 15 நிமிடம், ஒரு சங்கீதம், ஒரு ஜெபம். நேரம் மாறினால் அவர்கள் ஃபோன் சார்ஜில் கிடக்கும். அவர்களுக்கு நேரலை லிங்கை அனுப்பச் சொல்லிப் பேரப்பிள்ளையைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அந்த 11 குழுவை மூன்றாக்குங்கள். அறிவிப்புக்கு ஒன்று (அட்மின் மட்டும் எழுதட்டும்), ஜெபக்குழு ஒன்று, பிள்ளைகள் பெற்றோரோடு ஒன்று. பிராட்காஸ்ட் லிஸ்ட் வேண்டாம். அனுப்புகிறவர் எண்ணைச் சேமித்து வைக்காதவருக்கு அது போய்ச் சேரவே சேராது.

பழைய_பொருளாளர்:

க்யூஆர் போடலாம். ஆனால் தனியார் யூபிஐ எண் கூடவே கூடாது, சேகரக் கணக்கு மட்டும். வெளிநாட்டுப் பணத்தில்தான் சிக்கல். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத கணக்கில் அதை வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டில்லி சன்சத் மார்க் ஸ்டேட் பாங்க் கிளைக் கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். ஆகவே க்யூஆருக்குக் கீழே ‘வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் இதில் அனுப்ப வேண்டாம், திருமண்டல அலுவலகத்தைக் கேளுங்கள்’ என்று ஒரு வரி போடுங்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் மற்றவர்களிடம் பாஸ்போர்ட் நகல் ஒன்று வாங்கி ஃபைலில் வையுங்கள்.

ஐயர் படத்தை வைத்துப் புது எண்ணிலிருந்து ‘அவசரம், 5,000 அனுப்பு’ என்று வந்தால் பதில் எழுதாமல், ஐயரின் பழைய எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லிக்கொடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. தாமதிக்கத் தாமதிக்க, பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறிவிடும்.