ஓட்டிலும் சீற்றிலும் கறுத்த பாசி: மாரிக்கு முதல் எப்படிக் கழுவுவது?

மாங்குளம்_வளவு எழுதியது:

வணக்கம். மாங்குளத்துக்குக் கிட்ட 550 சதுர அடி வீடு. முன்பக்கம் களிமண் ஓடு, பின்னால் குசினிக்கு அஸ்பெஸ்ரஸ் சீற் இறக்கியிருக்கு. ஓட்டின் வடக்குப் பக்கம் முழுக்கக் கறுத்துக் கோடு கோடாய் வழிஞ்சிருக்கு. தெற்குப் பக்கம் பெரிசாய் ஒண்டுமில்லை. பீலிக்கு மேலே இருக்கிற இரண்டு வரிசை ஓட்டில பச்சைப் பாசி, மெத்தை மாதிரித் தடிப்பு. சீற்றில சாம்பல் நிறத்தில வட்டம் வட்டமாய் ஒட்டியிருக்கு, நகத்தால சுரண்டினாலும் வராது.

பீலித் தண்ணி மழைநீர்த் தொட்டிக்குப் போகுது. கிணறு வீட்டில இருந்து 20 அடி. வடக்குப் பக்கம் ஒரு மாமரம் கூரைக்கு மேல கவிஞ்சு நிக்குது.

ஒருத்தர் பிறெஷர் வோஷரால அடிக்கச் சொல்லுறார், இன்னொருத்தர் அசிட் ஊத்தச் சொல்லுறார். இப்ப ஆவணி. ஐப்பசி மழைக்கு முதல் முடிக்க வேணும். எது சரி, எவ்வளவு மருந்து, எப்படி அடிக்கிறது?

---

ஓட்டுவேலை எழுதியது:

அசிட்டை முதலில் விட்டுடுங்கோ. அது முகட்டோடு பூசின சாந்தைக் கரைக்கும், சீற்றில படுறபோது சீமெந்தைத் தின்று உள்ளே இருக்கிற நாரை வெளியே விடும். குளோரின் மருந்து அடிச்ச கூரையில அசிட் பட்டால் நச்சு வாயு கிளம்பும். ஏணியில நிக்கிற ஆளுக்கு விலக இடமில்லை.

பிறெஷர் வோஷரும் ஓட்டுக்கு நல்லதில்லை. சூளையில வெந்த ஓட்டுக்கு மேலே ஒரு இறுகின தோல் இருக்கு. கிட்டப் பிடிச்சு அடிச்சால் அது உரிஞ்சு போகும். பிறகு ஓடு கூடத் தண்ணி குடிக்கும், கூட நேரம் ஈரமாய்க் கிடக்கும், அடுத்த மாரியில பாசி இன்னும் கெதியாய்ப் பிடிக்கும். கீழே நிண்டு மேல்நோக்கி அடிக்கிற ஆக்கள் ஓட்டின் கவிப்புக்குள்ளேயே தண்ணியை ஏத்திவிடுவினம். ஓட்டைத் தாங்குற மரச்சட்டம், அதுதான் சிலாகை, உக்கிறது அப்படித்தான் தொடங்கும்.

செய்ய வேண்டியது, பாசியைச் சாகடிச்சிட்டு மழையைக் கழுவ விடுறது. உங்கட கறுப்புக் கோடு புகையுமில்லை, அழுக்குமில்லை. அது நீலப்பச்சை அல்கா எண்ட ஒரு வகைப் பாசி. வெயிலில இருந்து தப்ப அது தனக்குப் போடுற உறைதான் அந்தக் கறுப்பு. வடக்குப் பக்கம் மட்டும் பிடிச்சதுக்கும் காரணம் இருக்கு: வாடைக்காற்று மழையை அந்தப் பக்கம் கொண்டு வந்து அடிக்குது, அதே மாதங்களில வெயில் தெற்கே சாய்ஞ்சிருக்கும். நனைஞ்ச பக்கம் காயாது.

முதலில ஒரு சோதனை. ஒரு கறுத்த இடத்தில வீட்டு பிளீச் நாலு துளி விட்டு 10 நிமிசம் பாருங்கோ. நிறம் வெளிறினால் அல்கா அல்லது பூஞ்சணம், கீழே சொல்லுற மருந்து வேலை செய்யும். வெளிறாவிட்டால் அடுப்புக்கரி அல்லது இரும்புக் கறை. அதுக்கு எவ்வளவு குளோரின் ஊத்தினாலும் வீண். விறகடுப்புக் குசினியின் புகைவாசலைச் சுத்தி இருக்கிற கறுப்பு பெரும்பாலும் கரிதான்.

மருந்து: கிணத்துக்குப் போடுற குளோரின் பவுடர் போதும். சாதாரணப் பவுடரில மூண்டில ஒரு பங்குதான் குளோரின். 16 லீற்றர் மருந்து டாங்கிக்கு 500 கிராம் போட்டால் ஏறக்குறைய 1 வீதக் கரைசல் வரும். 65 வீதப் பவுடர் கிடைச்சால் 250 கிராம். திரவ பிளீச் 5 வீதமெண்டால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணி. வாங்கேக்க பையைப் பாருங்கோ. கட்டி பிடிச்சு, மணம் செத்துப்போன பவுடரில குளோரின் பறந்து சுண்ணாம்புதான் மிச்சம் இருக்கும்.

பிளாஸ்ரிக் வாளியில கரையுங்கோ, தகர வாளி வேண்டாம். தண்ணிக்குள்ளே பவுடரைப் போட வேணும், பவுடருக்கு மேலே தண்ணி ஊத்தக் கூடாது. மூடி இரண்டு மணித்தியாலம் நிழலில வைச்சால் வெள்ளை மண்டி அடியில தங்கும். மேலே தெளிஞ்சதை மட்டும் பழைய சீலையால வடிச்சு எடுங்கோ. இதைச் செய்யாமல் அடிக்கிற ஆக்களுக்குத்தான் முனை அடைக்கும், ஓட்டில வெள்ளைப் படை காயும், பிறகு பாசியை விட அந்தப் படை அசிங்கமாய் இருக்கும். தெளிவில உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத் தூள் ஒரு தேக்கரண்டி போட்டால் மருந்து வழிஞ்சோடாமல் பிடிக்கும். கரைச்சதை அண்டைக்கே முடியுங்கோ, வெயில் பட்டால் பலம் போயிடும்.

உங்கட வடக்குப் பக்கம் தாழ்வாரத்தோட 350, 400 சதுர அடி வரும். ஒரு டாங்கி காணும்.

அடிக்கிற முறை: ஆவணியில பாசி காய்ஞ்சு சுருண்டு கிடக்கும், மருந்தை உள்ளே எடுக்காது. காய்ஞ்ச ஓடும் மருந்தை உறிஞ்சிப்போடும். அதால முதல்நாள் பின்னேரம் கூரையை நல்லா நனையுங்கோ, விடியவும் ஒருக்கால் தெளியுங்கோ. காலமை 7 மணிக்கு முதல் தொடங்க வேணும். சோழகக் காத்து எழும்பினால் மருந்து உங்கட கண்ணுக்கும் பக்கத்து வளவுக்கும் போகும். கீழிருந்து மேலாய் அடியுங்கோ, மேலிருந்து அடிச்சால் வழிஞ்ச இடமெல்லாம் கோடு விழும். 15, 20 நிமிசம் ஈரமாய் நிக்கட்டும், காயப் பார்த்தால் திரும்பத் தெளியுங்கோ. பிறகு மேலிருந்து கீழாய்ச் சாதாரணக் குழாய்த் தண்ணியால கழுவுங்கோ.

பச்சை மெத்தைக்கு மருந்து அடிக்க முதல், நனைச்சு மரக்கரண்டியால வழிச்சு எடுங்கோ. தடிப்பு இருந்தால் மேல்தோல் மட்டும் சாகும், அடி உயிரோட இருக்கும். வழிச்சதைப் பீலிக்குள்ளே தள்ளாமல் சாக்கில போடுங்கோ.

---

சீற்றும்_சிலாகையும் எழுதியது:

ஓட்டுக்குச் சொன்னது சரி. சீற்றுக்கு வேற கதை, தயவுசெய்து இரண்டையும் ஒண்டாய்ப் பார்க்க வேண்டாம்.

சாம்பல் வட்டம் இலைக்கன். அல்காவும் பூஞ்சணமும் ஒட்டி வாழுற சோடி. அதின் பிடி சீமெந்துக்குள்ளே இறங்கியிருக்கும். சுரண்டினால் சீற்றின் தோலோடதான் வரும், அந்தத் தூளில அஸ்பெஸ்ரஸ் நார் இருக்கும். சுவாசிச்சால் புற்றுநோய் உண்டாக்கிற பொருளெண்டு உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தினது அது. கம்பிப் பிறஸ், அரத்தாள், பிறெஷர் வோஷர் மூண்டும் சீற்றில படக் கூடாது. காய்ஞ்ச சீற்றைக் கூட்டுறதும் வேண்டாம்.

2 வீதக் கரைசல் எடுங்கோ, அதாவது 16 லீற்றருக்கு 1 கிலோ சாதாரணப் பவுடர். நனைச்சு, அடிச்சு, அரை மணித்தியாலம் ஈரமாய் வைச்சு, மெல்லிய தண்ணியால கழுவி விடுங்கோ. ஒரு கிழமைக்குப் பிறகு இன்னொருக்கால். இலைக்கன் அண்டைக்கே விழாது. வெளிறும், பிறகு மாரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கழண்டு போகும். "மருந்து பிடிக்கேல்லை" எண்டு அவசரப்பட்டுச் சுரண்டுறதுதான் எல்லாரும் விடுற பிழை.

சீற்றில ஏற வேண்டாம். பழைய சீற் ஆளின்ர பாரத்துக்குச் சொல்லாமல் உடையும். குசினி இறக்கம் பதிவாய்த்தான் இருக்கும், ஏணியில நிண்டே குழல் எட்டும். ஏறத்தான் வேணுமெண்டால் சீற்றைத் தாங்குற இரண்டு வளைக்கு மேலே படுக்கிற மாதிரிப் பலகை போட்டு, பலகையில மட்டும் காலை வையுங்கோ. ஏணி 12 அடி உயரத்தில சாய்ஞ்சால் அடி 3 அடி தள்ளி நிக்க வேணும், கீழே ஒருத்தர் பிடிக்க வேணும். ஓட்டில நடக்கிறபோது இரண்டு ஓடும் கவியுற இடத்தில, சிலாகைக்கு நேரே மிதியுங்கோ. மருந்து பட்ட பாசி சவர்க்காரம் மாதிரி வழுக்கும். தூர மூலையில தொடங்கி ஏணிப் பக்கம் பின்வாங்கி வாங்கோ.

கொக்கி ஆணிகளைக் கடைசியில ஒருக்கால் தனியாய்க் கழுவுங்கோ. குளோரின் நிண்டால் துத்தநாகப் பூச்சு போய்த் துரு வழியும். தகரப் பீலிக்கும் அதேதான்.

---

தண்ணிக்கணக்கு எழுதியது:

இரண்டு பேரும் கூரையைப் பார்த்தீங்கள், நான் கீழே பார்க்கிறன்.

வேலைக்கு முதல் தொட்டிக்குப் போற குழாயைக் கழட்டி வெளியே திருப்புங்கோ. திரும்பப் பூட்டுறது ஐப்பசியில இரண்டு நல்ல மழை கூரையைக் கழுவின பிறகுதான். செத்த பாசி முதல் மழையோட மொத்தமாய் இறங்கும். அது தொட்டிக்குள்ளே போனால் அடியில அழுகித் தண்ணி நாறும். சீற் பக்கத்துத் தண்ணியைத் தொட்டிக்கு விடாமல் தோட்டத்துக்கே விடுங்கோ.

கிணத்துக்குப் பொலித்தீன் போட்டு மூடுங்கோ. ஓட்டு வேலைக்குப் போற குளோரின் மொத்தம் 160 கிராம் அளவுதான், நிலத்தில பட்டதும் மண்ணோட சேர்ந்து செத்துப்போகும். ஆனாலும் வழியுற தண்ணி ஒரே இடத்தில தேங்க விடாமல் கிணத்துக்கு எதிர்ப்பக்கமாய்ச் சின்ன வாய்க்கால் வெட்டுங்கோ. முல்லைத்தீவுக் கரையோர மணல் காணியில இருக்கிற ஆக்கள் இன்னும் கவனம், அங்க நிலத்தடித் தண்ணி மேலேயே நிக்குது. தாழ்வாரத்துக்குக் கீழே வாழை, கறிவேப்பிலை இருந்தால் முதலும் பிறகும் நிறையத் தண்ணி விடுங்கோ. ஏற்கெனவே தண்ணி குடிச்ச மண் மருந்தைக் கொஞ்சமாய்த்தான் எடுக்கும்.

களைநாசினி அடிச்ச டாங்கியை இதுக்கு எடுக்க வேண்டாம். எடுத்த டாங்கியையும் மூண்டு தரம் கழுவி, வெறும் தண்ணி அடிச்சு வையுங்கோ. குளோரின் றப்பர் வளையத்தையும் பித்தளை முனையையும் தின்னும்.

---

மாங்குளம்_வளவு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. மயில்துத்தம் (செம்பு சல்பேற்) கரைச்சு அடிச்சால் பாசி திரும்ப வராதெண்டு கடையில சொல்லுறாங்கள், உண்மையோ? கழுவின பிறகு ஓட்டுக்குப் பெயின்ற் அடிக்கலாமோ?

---

ஓட்டுவேலை எழுதியது:

மயில்துத்தம் பாசியைக் கொல்லும், அது உண்மை. செம்பு ஓட்டின் துளைக்குள்ளே தங்கிக் கொஞ்சக்காலம் தடுக்கவும் செய்யும். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் செம்பு கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கும். நீங்கள் கூரைத் தண்ணியைத் தொட்டியில பிடிக்கிறீங்கள், உங்களுக்கு அது சரிவராது. குளத்துக்கு வடியுற காணியில இருக்கிற ஆக்களுக்கும் வேண்டாம், மீனுக்குச் செம்பு நஞ்சு. தகரப் பீலியில செம்புத் தண்ணி ஓடினால் பீலி ஓட்டை விழும். முகட்டில செம்புக் கம்பி கட்டுறதும் இதே கணக்குத்தான், மெல்லிய கம்பிக்குப் பலனும் குறைவு.

உங்கட காணியில நிரந்தர மருந்து அந்த மாமரம்தான். கூரைக்கு மேலே கவிஞ்ச கொப்பைக் கூரையில இருந்து 6 அடி தள்ளி நிக்கிற மாதிரி வெட்டிவிட்டால் வெயிலும் காத்தும் படும், சருகு பீலியை அடைக்காது, குரங்கு கொப்பால இறங்கி ஓட்டை உடைக்கிறதும் குறையும். பச்சை மெத்தை பீலிக்கு மேலே மட்டும் இருக்கெண்டால் பீலி அடைச்சுத் தண்ணி ஓட்டுக்கு அடியில ஏறுது எண்டு அர்த்தம். பீலியின் வாட்டத்தை நூல் பிடிச்சுப் பாருங்கோ.

ஓட்டுக்குப் பெயின்ற் வேண்டாம். களிமண் ஓடு இரண்டு பக்கத்தாலும் ஈரத்தை விட வேணும். மேலே அடைச்சால் ஈரம் அடியால தள்ளி இரண்டு வருசத்தில பெயின்ற் செதில் செதிலாய் உரியும். அந்தச் செதிலுக்குக் கீழே திரும்பப் பாசி பிடிக்கும்.

---

சீற்றும்_சிலாகையும் எழுதியது:

சீற்றுக்கு மட்டும் பெயின்ற் நல்லது, நாரை மூடி வைச்சிருக்கும். தண்ணியில கரையிற அக்ரிலிக் கூரைப் பெயின்ற் இரண்டு பூச்சு. ஆனால் இந்த வருசம் அடிக்க வேண்டாம். இலைக்கன் உயிரில்லாமல் ஒட்டியிருக்கிற இடத்தில அடிச்சால் அதோட சேர்ந்து கழண்டு வரும். மாரி அதைக் கழுவட்டும், மாசியில சீற் நாலைஞ்சு நாள் வெயிலில காய்ஞ்ச பிறகு அடியுங்கோ.

ஓட்டிலயும் மிச்சம் மீதி இருந்தால் அந்த மாசி, பங்குனியில இரண்டாம் தரம் மருந்தடிக்கலாம். காத்தும் இல்லை, கிணத்தில தண்ணியும் இருக்கும், பாசியும் ஈரத்தோட உயிராய் இருக்கும். ஆவணியில ஒரு டாங்கியால செய்யிற வேலையை அப்ப அரை டாங்கியால செய்யலாம். ஓடு ஒழுகுற இடம் இருந்தால் மட்டும் இப்பவே உடைஞ்ச ஓட்டை மாத்துங்கோ, அதுக்கு மாசி வரை பொறுக்க ஏலாது.