புசல்லாவையிலிருந்து கண்டிக்குத் தினமும் போய்வர எந்தக் கார் எடுக்கலாம்?

மலையோரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். புசல்லாவைக்குச் சற்று மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். எனக்குக் கண்டி டவுனில் கணக்கு வேலை. போக ஏறத்தாழ 40 கிலோமீற்றர், வரவும் அவ்வளவு. இப்போது பஸ்ஸில்தான் போய் வருகிறேன். நுவரெலியாவிலிருந்து வரும் பஸ் எங்கள் இடத்துக்கு வரும்போதே நிரம்பித்தான் வரும். கம்பளை வரை வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போக வேண்டும். மாலையில் மழை பிடித்துக்கொண்டால் வீடு வந்து சேர எட்டு மணி தாண்டிவிடுகிறது. அம்மாவுக்குச் சீனி வருத்தம், இரவுச் சாப்பாட்டை நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். அதனால் கார் ஒன்று எடுத்தே ஆகவேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

கையில் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன், மிச்சத்துக்கு லீசிங். எங்கள் பக்கத்திலிருந்து பேராதனைக்கு வேலைக்குப் போகும் இரண்டு பேர் என்னோடு வந்து பெற்றோல் காசைப் பகிர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே எப்போதும் மூன்று பேர்.

மாமா, "660 சிசி வெகன் ஆர் எடு, பெற்றோல் குடிக்காது" என்கிறார். அண்ணன், "டொயோட்டா அக்குவா ஹைபிரிட் எடு" என்கிறார். அலுவலகத்தில் ஒருவர், "பெற்றோல் இன்ஜினோடு பற்றரி மோட்டாரும் சேர்ந்து ஓடும் இந்த ஹைபிரிட் பக்கமே போகாதே, பற்றரி செத்தால் காசு பெற்றோலில் மிச்சம் பிடித்ததைவிடக் கூட வரும், நல்ல பழைய விட்ஸ் ஒன்று பார்" என்கிறார். விளம்பரங்களில் லீற்றருக்கு 33, 35 கிலோமீற்றர் என்று போடுகிறார்கள். எங்கள் ரோட்டில் அது எவ்வளவு வரும்? இந்த வழியில் தினம் ஓடுகிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாவலப்பிட்டி ரோட்டான் எழுதியது:

அக்கா, ஆல்ட்டோ மெனுவல் எடுங்கள். விலை குறைவு, பார்ட்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக் பாஸுக்கும் வேலை தெரியும். நான் அதில்தான் ஓடுகிறேன், இதுவரை வழியில் நின்றதில்லை. தவணையும் சின்னதாக வரும். அந்த நிம்மதி பெரிது.

கெலிஓயா பாஸ் எழுதியது:

தங்கச்சி, நான் கெலிஓயாவில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் நுவரெலியா - கண்டி ஹயர் வேன் ஓட்டினேன். உங்கள் ரோட்டின் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் வழியில் இரண்டு ரோடு இருக்கிறது. புசல்லாவையிலிருந்து கம்பளை வரை மலை. கம்பளையிலிருந்து கெலிஓயா, பேராதனை வழியாகக் கண்டி வரை பெரிய ஏற்றம் இல்லை, ஆனால் காலையில் பேராதனையில் பிடிக்கும் நெரிசல் கெட்டம்பே தாண்டியும் விடாது. மலையில் பெற்றோல் போவது பாரத்தைத் தூக்குவதற்கு. நெரிசலில் போவது சும்மா நிற்பதற்கும் நின்று நின்று எடுப்பதற்கும். இந்த இரண்டிலும் மிச்சம் பிடிக்கிற கார்தான் உங்களுக்கு வேண்டும்.

அந்த 35 கணக்கைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் அக்குவாவுக்கு ஜப்பானில் போட்ட கணக்கு லீற்றருக்கு 35.4. வெகன் ஆர் ஹைபிரிட்டுக்கு 33.4. இரண்டும் காரை உருளையின் மேல் ஏற்றி ஓடவைத்து எடுக்கும் அளவு. அங்கே ஏற்றம் கிடையாது, பனிமூட்டம் கிடையாது, முன்னால் இருமிக்கொண்டு ஏறும் லொறியும் கிடையாது. என்னிடம் சேர்விசுக்கு வரும் அக்குவாக்கள் இந்த ரோட்டில் 20ஐ ஒட்டி ஓடுகின்றன, நிதானமாக ஓட்டுபவர்களுக்கு அதற்கு மேலும் கிடைக்கிறது. பழைய 1300, 1500 சிசி ஓட்டோ கியர் கார்கள் நெரிசலும் மலையும் சேர்ந்தால் 12க்கு இறங்கிவிடும். மாதம் 1,800 கிலோமீற்றர் என்று வையுங்கள். 12 ஓடும் காருக்கு 150 லீற்றர், 20 ஓடும் காருக்கு 90 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று போட்டாலும் மாதம் 18,000 ரூபாய் வித்தியாசம். லீசிங் தவணையைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். விலை குறைந்த கார் மாதக் கடைசியில் விலை கூடிய காராக நிற்கும்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூஆர் பங்கீடு வந்தது, காருக்கு வாரம் 20 லீற்றர்தான். உங்கள் ஓட்டம் வாரத்துக்கு 400 கிலோமீற்றர். அந்த 20 லீற்றருக்குள் வாரத்தை ஓட்டி முடிக்க வேண்டும் என்றால் லீற்றருக்கு 20 ஓடியே ஆகவேண்டும். அப்படி ஒரு காலம் திரும்ப வரக்கூடாது. வந்தாலும் வேலைக்குப் போகக்கூடிய கார் உங்களிடம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இனி மாமா சொன்ன 660. வெகன் ஆர் நல்ல கார்தான், டவுனுக்குள் ஓட்ட அருமையாக இருக்கும். ஆனால் 52 குதிரைவலு. மூன்று பேரும் சாமானும் ஏறி, மாலையில் கம்பளை தாண்டி மலை ஏறும்போது அந்தச் சின்ன இன்ஜின் முழுப் பலத்தோடு கத்திக்கொண்டுதான் ஏறும். சின்ன இன்ஜின் என்றால் எங்கேயும் பெற்றோல் குறைவு என்று நம் ஆட்கள் நம்புகிறார்கள். சமதரையில் அது சரி. ஏற்றத்தில் முழுக்க மிதித்து ஓட்டும்போது அந்த மிச்சம் கையில் நிற்காது. அதில் ஹைபிரிட் என்று எழுதியிருப்பதும் இன்ஜினுக்கு லேசாகக் கைகொடுக்கும் ஒரு சின்ன மோட்டார்தான். மலையில் அதை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. ஆல்ட்டோ பற்றித் தம்பி சொன்னதை நான் மறுக்கமாட்டேன். தனியாகப் போகிறவருக்கு அது போதும். தினம் மூன்று பேர், அதுவும் இருட்டிலும் மழையிலும் என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அக்குவாவில் 1500 இன்ஜின், மோட்டாரோடு சேர்த்து 100 குதிரைவலு. நெரிசலில் இன்ஜின் நின்றுவிடும், கெட்டம்பேயில் அரை மணி நேரம் நின்றாலும் பெற்றோல் அவ்வளவாகப் போகாது. காலையில் இறங்கும்போது பற்றரி ஏறும், அதை வைத்தே கெலிஓயாப் பக்கம் கொஞ்ச தூரம் ஓடலாம். மாலையில் 400 மீற்றர் உயரம் ஏற, சமதரையில் போவதைவிட அரை லீற்றர் பெற்றோல் கூடுதலாகப் போகும். அது எந்தக் காருக்கும் போகும், தப்ப முடியாது. இறங்கும்போது அதில் எவ்வளவை உங்கள் கார் திருப்பித் தருகிறது என்பதுதான் கேள்வி.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு எடுங்கள். அந்தப் பற்றரி சிறியது, ஒரு கிலோவாட் மணிகூட வராது, அதிலும் பாதிக்கும் குறைவாகத்தான் கார் தினசரிப் பாவனைக்கு எடுத்துக்கொள்ளும். மலையிலிருந்து இறங்க ஆரம்பித்து சில கிலோமீற்றரிலேயே நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு மோட்டார் காரை முன்போல இழுத்துப் பிடிக்காது, பாரம் பெரும்பாலும் பிரேக்கில் வந்து விழும். அதற்குத்தான் கியர் கட்டையில் "பி" (B, நிறுத்திவைக்கப் போடும் P அல்ல) என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் இன்ஜின் பெற்றோல் இல்லாமல் சுற்றி வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது இன்ஜின் கத்தும். அதைக் கேட்டுப் பயந்து திரும்ப வழக்கமாக ஓட்டும் "டி"க்கு (D) மாற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும். சமதரைக்கு வந்ததும் மறக்காமல் "டி"க்கு வந்துவிடுங்கள்.

இதோடு சேர்த்து, எந்தக் கார் எடுத்தாலும் இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள். பெற்றோல் மிச்சம் என்று எத்தனையோ பேர் செய்கிறார்கள். இன்றைய இன்ஜெக்ஷன் கார்கள் கியரில் இருந்தபடி எக்சிலேட்டரை விட்டால் பெற்றோலை முழுக்க நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் நிற்காமலிருக்கப் பெற்றோல் போகும். அதாவது பெற்றோலையும் கொடுத்து பிரேக்கையும் சூடாக்குகிறார்கள். சூடு ஏறிய பிரேக் வளைவில் எப்படி வழுக்கும் என்று வேன் ஓட்டிய காலத்தில் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள்.

இன்னொரு வகை ஹைபிரிட் இருக்கிறது, இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி உள்ளது. திறந்த ரோட்டில் நன்றாக ஓடும். ஏற்றத்தில் நெரிசல் பிடித்து ஊர்ந்து ஊர்ந்து ஏறினால் கிளட்ச் சூடாகி எச்சரிக்கை காட்டும். உங்கள் வழிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

என் முடிவு: நன்றாகப் பார்த்து வாங்கிய அக்குவா. அது கிடைக்காவிட்டால் அதே முறையில் ஓடும் எக்சியோ ஹைபிரிட்.

கட்டுகஸ்தோட்டை லீஃப் எழுதியது:

மகள், நான் நிசான் லீஃப் ஓட்டும் மின்சாரக் கார்க்காரன், அதனால் அந்தப் பக்கத்தையும் சொல்லிவைக்கிறேன். வீட்டில் சார்ஜ் போட்டு ஓடும்போது பெற்றோல் செட் பக்கமே போவதில்லை. நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிடும் என்று பாஸ் சொன்ன பிரச்சினை எனக்குக் கிடையாது, 24 கிலோவாட் மணி பற்றரி, கண்டிவரை இறங்கும் முழு இறக்கத்தையும் வாங்கிக்கொள்ளும். காலையில் மட்டும் முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு இறங்க வேண்டும்.

ஆனால் இங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய லீஃப்களில் பற்றரி தேய்ந்திருக்கும். மீற்றரில் 12 கோடு இருக்க வேண்டிய இடத்தில் 7, 8தான் இருக்கும். அப்படி ஒன்றில் மூன்று பேரோடு கண்டி போய், சார்ஜ் போடாமல் திரும்ப மலை ஏறுவது என்றால் கடைசி வளைவு வரை நெஞ்சு படபடக்கும். வேலை செய்யும் இடத்தில் சார்ஜ் போட அனுமதி இருந்தால் யோசியுங்கள். தோட்டத்தில் கரண்ட் அடிக்கடி போகும் என்றால் வேண்டாம்.

மலையோரம் எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. ஐயா, அலுவலகத்தில் வாகனம் நிறுத்துவதற்கே இடம் இல்லை, கீழே ரோட்டோரம்தான். மழை பலத்தால் எங்களுக்குக் கரண்டும் போய்விடும். அதனால் மின்சாரக் கார் இப்போதைக்கு இல்லை.

பாஸ் அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு அண்ணனோடு கம்பளையில் போய் ஒரு அக்குவா பார்த்தேன். 2013 தயாரிப்பு, வெள்ளை. வெளியே பளபளவென்று இருக்கிறது. மீற்றர் 98,000 காட்டுகிறது. விற்பவர், "பற்றரி புதுசு மாதிரி" என்கிறார். எதைப் பார்த்து அதை நம்புவது? பற்றரி பயம்தான் இன்னும் போகவில்லை.

கெலிஓயா பாஸ் எழுதியது:

மீற்றரை ஒரு பக்கம் வையுங்கள் தங்கச்சி, அதைத் திருப்ப ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்டியரிங் தோல், பிரேக் பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம், இந்த மூன்றும் 98,000க்கு ஏற்றபடி தேய்ந்திருக்கிறதா பாருங்கள். ஜப்பான் ஏலத் தாள் இருந்தால் கேளுங்கள், இங்கே வரும்போது எவ்வளவு ஓடியிருந்தது என்று அதில் இருக்கும்.

பற்றரி பின்சீட்டுக்குக் கீழே இருக்கிறது. சீட்டின் பக்கத்தில் சல்லடை மாதிரி ஒரு காற்று வாய் இருக்கும். பற்றரி குளிர்வதற்கு அந்த வழியாகத்தான் காற்று போகிறது. டோர்ச் அடித்துப் பாருங்கள். அதில் தூசியும் நாய் மயிரும் அடைத்துக் கிடந்தால் அந்தப் பற்றரி பல நாள் சூட்டில் வெந்திருக்கிறது. பின்சீட்டில் பைகளைக் குவித்து அந்த வாயை மூடிவிடுவதும் உண்டு, வாங்கிய பிறகு உங்கள் ஆட்களிடமும் சொல்லிவையுங்கள்.

அப்புறம் ஸ்கேன். உள்ளே 7.2 வோல்ட் கட்டைகள் 20 வரிசையாக இருக்கும், மொத்தம் 144 வோல்ட். ஸ்கேன் மெஷினைப் போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தால் எது மற்றவற்றைவிட முன்னே விழுகிறது என்று தெரிந்துவிடும். காரை நிறுத்திவைத்துப் பார்க்கும் ஸ்கேனில் எல்லாம் நல்ல பிள்ளையாக நிற்கும், பாரம் விழும்போதுதான் குணம் தெரியும். அதனால் கம்பளை டவுனுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வராதீர்கள். புசல்லாவைப் பக்கம் ஏற்றுங்கள், அதே வழியில் இறக்குங்கள். மூன்று பேர் ஏறிக்கொள்ளுங்கள். ஏறும்போது பற்றரிக் கோடுகள் மடமடவென்று விழுந்து, இறங்கும்போது கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பினால் அந்தப் பற்றரியில் உயிர் குறைந்துவிட்டது. மெதுவாக இறங்கி மெதுவாக ஏறினால் நல்லது.

இறங்கி வந்து நிறுத்தியதும் பிரேக்கில் கால் வைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். முன்பக்கம் பிரேக் பம்ப் "ங்ர்ர்" என்று அடிக்கடி ஓடுகிறதா கேளுங்கள். ஓடினால் அது பெரிய செலவு, பற்றரியைவிட நான் பயப்படுவது அதற்குத்தான். நம்முடைய மலையில் பிரேக் விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. வாங்கியதும் பிரேக் எண்ணெயை மாற்றுங்கள், முந்தையவர் எப்போது மாற்றினார் என்று சொன்னாலும் மாற்றுங்கள். டயர் நான்கும் ஒரே தேய்மானமா என்றும் பாருங்கள்.

பற்றரி ஒருநாள் போகத்தான் செய்யும். அதற்கு இப்போதே மாதம் ஒரு தொகையைப் பெற்றோல் மிச்சத்திலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். அந்த 18,000இல் மூன்றில் ஒன்றை ஒதுக்கினாலும், அந்த நாள் வரும்போது கடன் வாங்க வேண்டி வராது.

விற்பவர் மலையில் ஏற்றிப் பார்க்க விடமாட்டேன் என்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிடுங்கள். விட்டார் என்றால், இறங்கும் வழியில் கராஜுக்குக் கொண்டுவாருங்கள், ஸ்கேன் போட்டுப் பார்க்கலாம். ஞாயிறு பின்னேரம் மட்டும் இருக்கமாட்டேன்.