ஜூன் மழையில் ஜப்பானிய ஆலயங்களைக் காணச் செல்லலாமா?

கேள்வி (காட்பாடி)

ஒசாகாவில் பணிபுரியும் தம்பியைப் பார்க்க, அம்மாவுடன் ஜூன் மாதம் செல்லவிருக்கிறேன். அது அங்கே மழைக்காலம் என்பதால் பயண முகவர் தயங்குகிறார். கத்திரி முடிந்தும் வெயில் தணியாத வேலூரிலிருந்து புறப்படும் எங்களுக்கு மழை ஒரு குறையாகத் தோன்றவில்லை. ஆயினும் மழையில் ஆலயங்களை நிறைவாகப் பார்க்க முடியுமா என்பதை, அக்காலத்தில் சென்றவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (ஆற்காடு, முன்பு கியோத்தோவில்)

தயங்காமல் செல்லுங்கள், சகோதரி. ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை நீளும் இம்மழையை அவர்கள் 'ட்சுயு' என்கிறார்கள். பிளம் காய்கள் கனியும் காலத்து மழை என்பது அதன் எழுத்துகளின் பொருள். நம் ஐப்பசி அடைமழையைப் போல ஊற்றித் தீர்க்காமல், பெரும்பாலும் நாள் முழுதும் மெல்லத் தூறிக்கொண்டிருக்கும்.

கியோத்தோவின் வடக்கே மலைக்குள் இருக்கும் கிஃபுனே ஆலயத்தை அவசியம் பாருங்கள். அங்கே உறைவது நீரின் தெய்வம். பழங்காலத்தில் மழை வேண்டிக் கறுப்புக் குதிரையையும், மழை நிற்க வேண்டி வெள்ளைக் குதிரையையும் அங்கே காணிக்கையாகச் செலுத்தினார்கள். பிற்காலத்தில் உயிர்க்குதிரைக்குப் பதிலாகக் குதிரை வரைந்த மரப்பலகை வந்தது. அய்யனாருக்கு மண்குதிரை நேர்ந்துவிடும் நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. சிவப்பு விளக்குத் தூண்கள் வரிசையாக நிற்கும் கற்படிகளில் குடையோடு ஏறும்போது, பாசி படர்ந்த கல்லின் மேல் நீர் ஓடாமல் ஊறி நிற்பதைக் குனிந்து பாருங்கள். வெயில் நாளில் மங்கிக் கிடக்கும் அந்தப் பச்சை, மழையில்தான் உயிர் பெறுகிறது. அங்கே தரும் வெற்றுத்தாளை நீரில் மிதக்கவிட்டால் குறி சொல்லும் எழுத்துகள் தோன்றும். அம்மாவுக்கு அது பிடிக்கும்.

பதில் 2 (குடியாத்தம்)

தோக்கியோ பக்கமும் செல்வதானால் காமகுராவின் மெய்கெட்சு-இன்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது ஜப்பானியரின் மரபுச் சமயமான ஷிண்டோவின் ஆலயமன்று, பௌத்தக் கோயில். நாம் ஊட்டியில் பார்க்கும் ஹைட்ரேஞ்சியாதான் அங்கே பாதையின் இருபுறமும் நீலமாகப் பூத்துக் கிடக்கும். மண் அமிலத்தன்மையுடன் இருந்தால், செடி அதிலுள்ள அலுமினியத்தை ஏற்று நீலமாகப் பூக்கிறது, இல்லையேல் இளஞ்சிவப்புதான்.

பதில் 3 (ராணிப்பேட்டை)

பெரியவரை அழைத்துச் செல்வதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தூறல் சில நாட்களில் பெருமழையாக மாறும். 2020 ஜூலையில் மண் சரிந்ததால், கிஃபுனே செல்லும் மலை ரயில் பாதையின் ஒரு பகுதி 2021 செப்டம்பர்வரை மூடப்பட்டிருந்தது. ஆகவே ஜூன் முதல் பாதியிலேயே மலைப்பகுதியை முடித்துவிடுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் அன்று போகவே வேண்டாம். ஈரப் படிகள் வழுக்கும், பிடிப்புள்ள காலணி தேவை.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குதிரைக் காணிக்கையைப் பற்றிப் படித்துக் காட்டியதும், "முதலில் அந்தக் கோயிலுக்கே போவோம்" என்று அம்மா சொல்லிவிட்டார். தம்பியிடம் ஜூன் இரண்டாம் வாரத்தில் விடுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.