கடக்நாத்: பெட்டைகள் கருப்பு, சேவலின் கால் வெளுப்பு. இது அசல்தானா?

கேள்வி:
வணக்கம். தோலும் தசையும் வரை கருத்திருக்கும் கடக்நாத் கோழியினம் என்று சொல்லி விற்கப்பட்ட ஒரே ஈட்டுக் குஞ்சுகளை வாங்கி வளர்த்து வருகிறேன். பெட்டைகள் அனைத்தும் அலகு, நாக்கு, கால்விரல் வரை கருப்பாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு சேவலுக்குக் கழுத்திறகு பொன்னிறமாக இருக்கிறது. மற்றொன்றுக்குக் கொண்டை நல்ல சிவப்பு, கால் வெளுப்பு. இப்போது பெட்டைகள் இடும் முட்டையும் கருப்பாக இல்லை. எவற்றை இனப்பெருக்கத்துக்கு நிறுத்திக்கொள்ளலாம்?

பதில் 1:
முட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம். கடக்நாத் இடுவது இளம்பழுப்பு முட்டைதான். கருமுட்டை என்று பரவும் படங்களை நம்ப வேண்டியதில்லை. பொன்னிறக் கழுத்தும் குறையன்று. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியில் பில், பிலாலா பழங்குடியினர் வழிவழியாக வளர்த்து வரும் இந்த இனத்தில் முழுக் கருப்பு, வெண்கோடு கலந்தது, பொன்னிறம் கலந்தது என மூன்று வகைகள் உண்டு. ஜாபுவாவின் கடக்நாத் கோழிக்கறிக்கு 2018-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. எனவே இறகை விட்டுவிட்டு, சிறகைத் தூக்கித் தோலையும், அலகைத் திறந்து நாக்கையும் மேலண்ணத்தையும் பாருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் அந்த வெளுத்த கால் சேவலை அப்படி விட்டுவிட முடியாது. தோல், தசை, எலும்புறை வரை கருமை பரவக் காரணம் 20-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி இரட்டிப்பாகியிருப்பதே. இது ஓங்கு பண்பு (பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படுவது) என்பதால் கலப்புக் குஞ்சுக்கும் வந்துவிடும். அதே சமயம், பிற கோழிகள் பலவற்றில் தோலின் கருமையை அடக்கும் வேறொரு மரபணு, பாலினத்தைத் தீர்மானிக்கும் இசட் குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு இசட் இரண்டு. பெட்டைக்கு ஒன்றே, அதுவும் தந்தையிடமிருந்து வருவது. ஆகவே கடக்நாத் சேவலை அத்தகைய வேற்றினப் பெட்டையோடு சேர்த்தால், மகள்கள் தாயின் அடக்கும் மரபணுவைப் பெறாமல் கருப்பாகவும், மகன்கள் அதைப் பெற்று வெளுத்தும் வளர்வார்கள். நீங்கள் விவரிப்பது அச்சாக இதுவே.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் கருத்த பெட்டைகளும் கலப்பா? அவற்றை நல்ல கடக்நாத் சேவலோடு சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

பதில் 2:
ஒரே தாய் தந்தையின் குஞ்சுகள் என்றால் அவையும் கலப்பே. நல்ல சேவலோடு சேர்த்தால் அடுத்த தலைமுறை முழுவதும் கருப்பாகவே பிறந்து, கலப்பு இன்னும் ஆழமாக மறைந்துபோகும். ஈட்டில் தாய்கள் பல இருந்திருக்கலாம் என்பதால், பொன்கழுத்துச் சேவல் கலப்பில்லாததாக இருக்க வாய்ப்புண்டு. இனி வாங்கும்போது பெட்டைகளை மட்டும் பார்க்காமல், அதே ஈட்டுச் சேவல்களையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வாங்காதீர்கள்.

பதில் 3:
வளர்த்தியையும் கவனியுங்கள். அசல் கடக்நாத் மெதுவாக வளரும். முதிர்ந்த சேவலே ஏறத்தாழ 2 கிலோதான் இருக்கும், பெட்டை ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. கிடுகிடுவென எடை கூடினால் சந்தேகப்பட வேண்டும். இவ்வினப் பெட்டைகள் பெரும்பாலும் அடைக்கு உட்காருவதில்லை என்பதால், முட்டைகளை வேறு அடைக்கோழியிடமோ இன்குபேட்டரிலோதான் வைக்க வேண்டியிருக்கும்.