பொருள்: கோடெக் — தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பதினோராம் வகுப்பு ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கன்டெய்னர் (படத்தையும் ஒலியையும் ஒன்றாக வைத்திருக்கும் கோப்பு வகை), கோடெக் (அவற்றைச் சுருக்கி விரிக்கும் நிரல்) இரண்டுக்கும் சொல் வேண்டும்.

போன வாரம் கைப்பேசியில் எடுத்த செய்முறைக் காணொளியை ஆய்வகக் கணினியில் போட்டேன். குரல் கேட்டது, திரை கறுப்பு. கைப்பேசி எச்.265 என்ற சுருக்கு முறையில் பதிந்திருக்கிறது, கணினியில் அதற்குரிய கோடெக் இல்லை. ஒரு பையன் கோப்பின் பெயரில் எம்.பி.4 என்ற கன்டெய்னர் குறிப்பை அழித்து ஏ.வி.ஐ என்ற வேறொன்றைப் போட்டு, "இப்ப ஓடும் சார்" என்றான். அதே கறுப்புத்தான். வி.எல்.சி என்ற காணொளி இயக்கியை நிறுவியதும் ஓடியது. அதற்குள்ளேயே அந்தக் கோடெக் இருக்கிறது. பெயரை மாற்றினால் ஏன் ஓடாது என்பதை விளக்கத்தான் இந்த இரண்டு சொல்லும். பழைய வரைவில் கோடெக்குக்குக் "குறிமுறையாக்கி–குறிவிலக்கி" என்றிருக்கிறது. அதை ஒரு மாணவர்கூடத் திருப்பிச் சொல்லவில்லை.

---

> குறிமுறையாக்கி–குறிவிலக்கி

ஐயா, "குறி" என்று தொடங்கினாலே சிக்கல். எழுத்துக் குறியாக்கம் என்கிறோம், கடவுச்சொல்லை மறைப்பதையும் குறியாக்கம் என்கிறோம். கோடெக் எதையும் மறைப்பதில்லை. சுருக்கி வைக்கிறது, விரித்துக் காட்டுகிறது.

இதற்குத் தொல்காப்பியத்திலேயே சொல் இருக்கிறது. மரபியலில் வழிநூல் (முதல்நூலைப் பின்பற்றி எழுதும் நூல்) நான்கு வகை: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. மூன்றாவதைப் பாருங்கள். தொகைவிரி! தொகுத்தும் விரித்தும் சொல்வது. இலக்கணத்திலும் தொகை என்றால் உருபு மறைந்து நிற்பது.

தயிர்க்குடம் என்றால் தயிரை உடைய குடம். "ஐ"யும் "உடைய"வும் எழுத்தில் இல்லை. இலக்கணம் தெரிந்தவர் விரித்துக்கொள்கிறார். எச்.265-க்கு முந்தைய எச்.264 செய்வதும் இதுதான். முழுப்படத்தை எப்போதாவது ஒருமுறை எழுதிவிட்டு, இடையில் வருகிற படங்களுக்கு எது மாறியது என்பதை மட்டும் எழுதுகிறது. ஆசிரியரின் கை மட்டும் அசைந்தால் பின்னாலிருக்கும் கரும்பலகையைத் திரும்ப எழுதுவதில்லை. தொக்கி நிற்பதை விரிக்கத் தெரியாத கணினிக்குத் திரை கறுப்புத்தான். இவ்வளவு பொருந்துகிற சொல் வேறெந்தத் துறையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

---

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஐயாவின் விளக்கம் மிக வடிவானது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குத் தொகுப்பான் என்றால் கம்பைலர். தொகை என்றால் காசு, இல்லாவிட்டால் எண்ணிக்கை. மூன்றும் ஒரே பாடத்தில் வந்தால் பிள்ளை எதைப் பிடிக்கும்? சுருக்குவிரி என்று வைத்தால் விளங்கும்.

---

சுருக்கு + விரி வினைத்தொகையா, உம்மைத்தொகையா? கருவிப் பெயர் என்றால் இகர ஈறு வேண்டும்: சுருக்கிவிரிப்பி. நாக்கு ஒத்துழைக்காது.

கன்டெய்னரைப் பற்றி யாரும் பேசவில்லை. கொள்கலன் என்பது துறைமுகச் சரக்குக்கு ஏற்கெனவே பழகிவிட்டது. எனக்குச் செப்பு பிடிக்கும். எம்.கே.வி என்ற கன்டெய்னரின் முழுப்பெயர் மத்ரோஸ்கா. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்ய மரப்பொம்மையின் பெயரிலிருந்து வந்தது. நம் ஊர் மரச்செப்பும் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான்தானே? படம், ஒலி, துணையுரை மூன்றும் தனித்தனியாக ஒரே செப்பில் இருக்கின்றன.

---

செப்பு என்றால் இன்றைக்குச் செம்புதான் நினைவுக்கு வரும். பேழையும் வேண்டாம், கேசட்டுக்கு ஒலிப்பேழை என்று அழகாகப் பெயர் வைத்தோம், கேசட்டோடு அதுவும் போய்விட்டது. கொள்கலன் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளராக ஒன்று சொல்கிறேன். கணினி ஓடாதபோது திரையில் வருகிற பிழைச்செய்தியில் கோடெக் என்ற சொல்தான் இருக்கும். மாணவர் அதைத்தான் தேடுவார். கையேட்டில் வேறு சொல் இருந்தால் அவர் தேடுவதும் நாம் எழுதியதும் சந்திக்கவே மாட்டா.

---

> சந்திக்கவே மாட்டா

அம்மா, நாம் எழுதாததால்தான் சந்திக்கவில்லை. பிழைச்செய்தியை மொழிபெயர்ப்பவரும் இந்தக் குழுவில்தானே இருக்கிறார்? வடசொல்லையும் வடவெழுத்து நீக்கித்தான் ஏற்கச் சொன்னார் தொல்காப்பியர். ககர மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. குறைந்தது கோடெக்கு என்றாவது எழுதுங்கள்.

---

இன்று இரண்டு சொல்லையும் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். தொகைவிரி என்றதும் "தொகைன்னா எவ்வளவு சார்?" என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது சரி. சுருக்குவிரி சுருக்குப்பையில் போய் முடிந்தது.

பிறகு தயிர்க்குடத்தைப் பலகையில் எழுதினேன். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, "குடத்து மேல என்ன எழுதியிருந்தாலும் உள்ள இருக்கறது மாறாதுல்ல சார்?" என்றாள். ஏ.வி.ஐ என்று பெயர் மாற்றிய பையனும் தலையாட்டினான். நான் இரண்டு வகுப்பாகச் சொல்லிப் புரியாதது அந்த ஒரு கேள்வியில் புரிந்தது. குடத்தை மட்டும் மாற்றுவது சில நொடி வேலை, உள்ளிருப்பதையே வேறு கோடெக்கில் மாற்றப் பழைய கணினியில் மணிக்கணக்காகும் என்பதையும் அதிலேயே சொல்லி முடித்தேன்.

நேரம் இல்லை. கொள்கலன், கோடெக் என்றே அனுப்புகிறேன். தயிர்க்குடத்தைப் படத்தோடு முழுப் பக்கம் சேர்த்திருக்கிறேன்.

---

எனக்கும் சம்மதம்.

---

வேறு வழியில்லை. சரி.

---

எனக்குச் சம்மதமில்லை. உவமையை எடுத்துக்கொண்டு சொல்லை விட்டுவிட்டீர்கள். தயிர்க்குடம் புரிந்த பிள்ளைக்குத் தொகைவிரி இன்னும் ஒரு வாரத்தில் புரிந்திருக்கும். அடுத்த பதிப்பு எப்போது என்று சொல்லுங்கள் ஐயா, இதே பொருளில் மீண்டும் மடல் போடுகிறேன்.