வீட்டுல சர்க்கரை வேக்ஸ்: பதம் தப்புது, புள்ளி புள்ளியா செவக்குது

தண்டையார்பேட்டை_02:
கை, கால் முடி எடுக்க வீட்டுலயே சர்க்கரை வேக்ஸ் காய்ச்சுறேன். ஒண்ணு தேன் மாதிரி ஒழுகுது, இல்லன்னா கமர்கட் மாதிரி இறுகிடுது. சரியா வந்த அன்னைக்கும் கையில உருட்டுறதுக்குள்ள கொழகொழன்னு ஆயிடுது. இழுத்த இடத்துல மறுநாள் சிவப்பு புள்ளி. வலியும் ஜாஸ்தி. எங்க தப்பு? அக்குளுக்கும் இதையே போடலாமா?

பாகுப்பதம்:
அளவுல இருந்து வாங்க. சர்க்கரை 200 கிராம், எலுமிச்சை சாறு 30 மில்லி, தண்ணி 30 மில்லி. அடி கனமான பாத்திரம், சின்ன தீ. சாறைக் குறைச்சா பாகு பூத்துப்போய் மணல் மணலா ஆயிடும். அந்தப் புளிப்புதான் சர்க்கரையை உடைச்சு திரும்ப உறையாம வெச்சிருக்கு. கொதி வந்த பிறகு கிளறிக்கிட்டே இருந்தாலும் பூக்கும்.

பதம் அதிரசப் பாகைத் தாண்டணும், கடலை உருண்டைப் பாகை எட்டக் கூடாது. கிண்ணத்துல தண்ணி வெச்சு ஒரு சொட்டு விடுங்க. விரலால சேர்த்தா உருண்டையா நிக்கணும், அமுக்கினா அமுங்கணும். தண்ணியிலயே கரைஞ்சு பரவினா இன்னும் ரெண்டு நிமிஷம். தட்டுல போட்டா ‘டங்’குனு சத்தம் வந்தா தாண்டிப்போச்சு, ரெண்டு ஸ்பூன் தண்ணி விட்டு திரும்ப சூடு பண்ணுங்க. சமையல் தெர்மாமீட்டர் இருந்தா 118 முதல் 121 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டுல பாகு தோல்மேல பட்டா ஒட்டிக்கிட்டே வேக வைக்கும். நல்லா ஆறவிட்டு, மணிக்கட்டு உள்பக்கம் ஒரு துளி வெச்சுப் பார்த்த பிறகுதான் காலுக்கு.

உருட்டும்போது கொழகொழன்னு ஆகுறதுக்குக் காரணம் உங்க கை இல்ல, நம்ம ஊர் காத்து. காசிமேட்டுக் கடலோரம் சாயந்திரக் காத்துல ஈரம் அதிகம், பாகு அதை உறிஞ்சிக்கும்; உள்ளங்கை வேர்வையும் சேர்ந்தா கேக்கவே வேணாம். நம்ம பக்கத்துக்கு உருட்டி எடுக்குறதைவிட துணி வெச்சு இழுக்குறதுதான் தோது. பழைய ஜீன்ஸை ரெண்டு விரற்கடை அகலத்துக்குக் கிழிச்சு வெச்சுக்கங்க.

ராயபுரம்_கல்மண்டபம்:
பதம் பத்தி மேல சொன்னதே போதும். வலி பெரும்பாலும் இழுக்குற விதத்துல வருது.

முடி ஒரு அரிசி நீளமாவது இருக்கணும், அதாவது 5 மில்லிமீட்டர் சுமாருக்கு. அதுக்குக் கம்மின்னா பாகு பிடிக்காது, பாதியில ஒடியும். ரொம்ப நீளம்னா கத்தரிச்சுட்டு ஆரம்பிங்க. வெதுவெதுப்பான தண்ணியில கழுவி, சுத்தமா துடைச்சு, டால்கம் பவுடரை லேசா தடவுங்க. அப்பம்போல அப்பினா பாகு பவுடர்லதான் ஒட்டும், முடியில ஒட்டாது.

துணி முறைன்னா முடி படுத்திருக்கும் திசையில மெல்லிசா பூசி, எதிர்த்திசையில இழுக்கணும். உருண்டை முறைக்கு அப்படியே தலைகீழ். ரெண்டுக்கும் பொது: ஒரு கையால தோலை இறுக்கிப் பிடிச்சு, துணியையோ உருண்டையையோ தோலை ஒட்டினாப்புல வெடுக்குன்னு இழுங்க. மேல்நோக்கித் தூக்கினா தோலும் கூடவே எழும்பும், கன்றிப்போறது அதனாலதான். இழுத்த அடுத்த நொடி உள்ளங்கையை அழுத்தி வைங்க, எரிச்சல் பாதி அடங்கிடும். ஒரே இடத்துல ரெண்டு தரத்துக்கு மேல வேண்டாம். மிஞ்சினதைச் சாமணத்தால பிடுங்கிக்கலாம்.

மரத்துப்போற க்ரீமைக் கால் முழுக்கப் பூசி மேல பிளாஸ்டிக் சுத்துற யோசனை யாராவது சொன்னா கேக்காதீங்க. மருந்து ரத்தத்துல ஏறினா இதயத் துடிப்பையே கெடுக்கும்.

சிவப்பு புள்ளிங்கிறது முடி பிடுங்கின குழி வீங்குறதுதான். ஈரத்துணி ஒத்தடம், தளர்வான காட்டன், ஒரு நாள் வாசனை லோஷன் வேண்டாம். ரெண்டு மூணு நாள் கழிச்சு பீர்க்கங்காய் நாரால மெதுவா தேச்சா முடி உள்ளேயே சுருளாது.

வண்ணாரப்பேட்டை_எம்சிரோடு:
அக்குளுக்கு என் ஓட்டு ரேஸருக்குதான். அங்க முடி மூணு திசையில வளரும், தோலும் இறுகாது. புதுசா பழகுறவங்களுக்குப் பாகு சரிப்படாது. குளிச்சு முடிக்கிற நேரம், ஜெல்லோ கண்டிஷனரோ போட்டு, முடி போற திசையிலயே லேசா வழிங்க. 5, 6 தரத்துக்கு ஒரு பிளேடு மாத்துங்க. ஈர பாத்ரூம்லயே ரேஸரை விடாதீங்க. ஜில்லெட் ரேஸரா இருந்தாலும் சரி, பத்து ரூபா ரேஸரா இருந்தாலும் சரி, மொக்க பிளேடுதான் வெட்டுக்குக் காரணம். வழிச்சா முடி தடிப்பா வளரும்னு சொல்றது சும்மா. நுனி மொட்டையா இருக்கறதால சொரசொரன்னு தெரியுது, அவ்வளவுதான்.

முடி நீக்குற க்ரீம்னா முந்தின நாளே கொஞ்சூண்டு தடவிப் பாருங்க. டப்பாவுல போட்ட நேரத்தைத் தாண்டவே கூடாது, முடியைக் கரைக்கிற அதே மருந்து தோலையும் பதம் பார்க்கும்.

ராயபுரம்_கல்மண்டபம்:
ஒண்ணு விட்டுப்போச்சு. முகப்பருவுக்கு ரெட்டினாய்டு க்ரீம் போடுறவங்க அந்த இடத்துல பாகு வைக்காதீங்க, தோல் உரிஞ்சு வந்துடும். பருவுக்கே ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிட்டிருந்தா, அதை நிறுத்தி ஆறு மாசம் ஆகட்டும். சுகர் இருக்கறவங்களும் டாக்டரைக் கேட்டுட்டு செய்யுங்க. தாடையில திடீர்னு கரடுமுரடா முடி வந்து மாதவிடாயும் தள்ளிப்போகுதுன்னா வேக்ஸைப் பத்தி யோசிக்காம முதல்ல டாக்டரைப் பாருங்க; நம்ம பக்கம் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலயே தோல் பிரிவு இருக்கு.

தண்டையார்பேட்டை_02:
ரொம்ப தேங்க்ஸ்பா. கத்தரிச்ச ஜீன்ஸை துவைச்சு திரும்ப வெச்சுக்கலாமா? மிச்ச பாகு?

பாகுப்பதம்:
துணியைச் சுடுதண்ணியில போடுங்க, சர்க்கரை கரைஞ்சு போயிடும். வெயில்ல காயவெச்சு உங்களுக்கு மட்டும் வெச்சுக்கங்க. கால்ல தொட்ட பாகைத் திரும்ப பாட்டில்ல சேர்க்காதீங்க. தொடாத மிச்சத்தைக் கண்ணாடி பாட்டில்ல இறுக்கி மூடி, தண்ணி ஊத்தின தட்டுல வைங்க. இல்லன்னா காலையில எறும்புதான் வேக்ஸ் பண்ணிக்கிட்டு இருக்கும்.