பசையா, பற்றா, கலப்பத்தா?

இராமநாதபுரத்திலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை பதினொன்றாம் வகுப்புக்குச் செய்முறைத் தாள் கொடுக்க வேண்டும், ஒரு சொல்லில் நின்றுபோயிருக்கிறேன். ஆய்வகத்துக்கு வந்த ரைசன் 5 7600 என்ற கணினி ப்ராசசர் பெட்டியைப் பிள்ளைகள் முன்னாலேயே பிரித்தோம். பழைய ஏஎம்4 வகையில் அடியில் 1331 ஊசிகள் இருக்கும், இதில் ஒன்றுகூட இல்லை, தட்டையாக 1718 புள்ளிகள், ஊசியெல்லாம் அதைப் பொருத்தும் மதர்போர்டுக்குப் போய்விட்டது. மேல்மூடி எட்டுக் கால் நீட்டியிருப்பதைப் பார்த்த மண்டபத்துப் பையன் "பேய்க்கணவாய் டீச்சர்!" என்றான், ஆக்டோபஸைத்தான் சொன்னான், வகுப்பில் இப்போது அதுதான் பெயர். செயலி என்றால் போனில் இருக்கும் ஆப் என்று நினைக்கிறார்கள், அதனால் நுண்செயலி என்று போட்டுவிட்டேன். சிக்கல் தெர்மல் பேஸ்ட்தான். நுண்செயலியைக் குளிர்விக்கக் கூடவே வந்த விசிறியின் அடியில் சாம்பல் நிறத்தில் தடவியே வந்திருந்தது. 'வெப்பப் பசை' என்று எழுதியிருந்தேன், ஒரு பிள்ளை கேட்டாள்: "பசைன்னா ஒட்டணும், அப்புறம் எதுக்கு நாலு திருகாணி?" சரியான கேள்வி. ஒட்டுவது அதன் வேலை இல்லை. நுண்செயலியின் மேல்மூடி, விசிறியின் அடி என்ற இரண்டு உலோகப் பரப்புக்கு நடுவே நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்கும், காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது, அந்த இடத்தை நிரப்புவதுதான் வேலை. என்ன சொல்லலாம்?

கீழக்கரையிலிருந்து:
டீச்சர், நம்ம கரையிலேயே சொல் இருக்கிறதே, கலப்பத்து! மர வள்ளத்தில் பலகை இடுக்குக்குள் பஞ்சுத் திரியை அடித்து இறக்கி, குங்கிலியமும் எண்ணெயும் பூசுவது. வாப்பா காலத்தில் எங்கள் தெருவில் தினமும் கேட்ட சொல். 'வெப்பக் கலப்பத்து' என்று வையுங்கள். அரபியில் கல்ஃபத்த, போர்ச்சுக்கீசில் கலஃபாத்தே, கடல்வழி வந்த சொல்.

தங்கச்சிமடத்திலிருந்து:
அதை ஏன் அரபிக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள்? கலம் + பற்று, மகரம் கெட்டு வல்லினம் மிக்குக் கலப்பற்று, பேச்சில் கலப்பத்து. உலோகத்தை இணைக்கும் பற்றாசு, நெற்றியில் சுக்கு அரைத்துப் போடும் பத்து, எல்லாம் அந்தப் பற்றுதான். பத்தும் மெல்லிசாகத் தடவுவதுதானே? வெப்பப் பற்று!

கீழக்கரையிலிருந்து:
அண்ணே, புணர்ச்சி சரியாக வருகிறது என்பதற்காக வேர் அதுவாகிவிடாது. இத்தாலியிலும் கலஃபாத்தாரே என்கிறார்கள், அங்கே கலமும் பற்றும் ஏது?

இராமேஸ்வரத்திலிருந்து:
வணிகவியல் பிள்ளைக்குப் பற்று என்றால் பற்று வரவுதான். கலப்பத்து தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது, இதுவோ வெப்பத்தைக் கடத்துவது, நேர் எதிர். நாளைக்குக் கடையில் போய்ப் பிள்ளை என்ன கேட்கும்? பேஸ்ட் என்றே இருக்கட்டும்.

இராமநாதபுரத்திலிருந்து:
இரவு பதினொன்றரை ஆகிவிட்டது, காலையில் அச்சுக்குப் போக வேண்டும். தனி மடலில் வந்ததையும் சேர்த்துப் பற்றுக்கு நாலு பேர், பேஸ்ட்டுக்கு இரண்டு, கலப்பத்துக்கு ஒருவர். 'தெர்மல் பேஸ்ட் எனும் வெப்பப் பற்று' என்று எழுதிவிட்டேன். பசையை எடுத்துவிட்டேன்.

கீழக்கரையிலிருந்து:
அந்த ஒருவர் நான்தான். சொல்லை வாபஸ் வாங்கவில்லை. இடுக்கை நிரப்புவதுதான் இரண்டிலும் வேலை. கலப்பத்து பார்த்த பழைய வள்ளம் ஒன்று இன்னும் கரையில் கிடக்கிறது, படம் அனுப்புகிறேன், வகுப்பில் காட்டுங்கள்.